இலவச ஆஸ்பத்திரி உண்டு, காப்புறுதியும் உண்டு. நோயாளி ஏன் லயத்திலேயே இருக்கிறார்?

சந்தேகங்களும் விளக்கங்களும்

பண்டாரவளையிலிருந்து பூனாகலை வழியாகக் கொஸ்லாந்தைக்கு இறங்கும் மலைப்பாதையின் இரு பக்கத்திலும் உள்ள தோட்டங்களில், பிரஷர் இருப்பது தெரிந்தும் மாதக்கணக்கில் கிளினிக்குக்குப் போகாதவர்கள் இல்லாத லயம் அரிது. சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுத்தவர் இடையில் நிறுத்திவிடுவார். நெஞ்சு எரிகிறது என்று சொன்ன அம்மா, கொழுந்துக் காலம் முடியட்டும் என்பார். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு, "தோட்டத்துச் சனத்துக்கு நோயின் பாரதூரம் விளங்காது" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. நோயின் பாரதூரம் இவர்களுக்கு நன்றாக விளங்கும். ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வர என்ன செலவாகும் என்பதும் அதைவிட நன்றாக விளங்கும். அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்களை எடுத்துக்கொண்டு, அந்தச் செலவுக்கும் நம்மிடம் இருக்கும் காப்புறுதிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை இங்கே விளக்குகிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லையே. பிறகு செலவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

இலங்கையில் அரச வைத்தியசாலைக் கட்டணம் 1951இல் ஒழிக்கப்பட்டது. டொக்டரைப் பார்க்க, வார்டில் தங்க, சத்திரசிகிச்சை செய்ய எதற்கும் காசு இல்லை. இது பெரிய வரம். எத்தனையோ பணக்கார நாடுகளில்கூட இது கிடையாது. ஆனால் அந்த இலவசம் ஆஸ்பத்திரி வாசலில்தான் தொடங்குகிறது. லயத்திலிருந்து அந்த வாசல் வரைக்குமான செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நாட்சம்பளத்தில் தொடங்குவோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் ஆகக் குறைந்த நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வெளியானது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அதற்கு மேல் அரசாங்கம் 200 ரூபா வருகை ஊக்குவிப்புத் தொகை கொடுப்பதாக அறிவித்தது. மொத்தம் 1,750. மாதம் ஒரு தடவை கிளினிக் என்றால் வருடத்துக்குப் பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாள் பேர் விழாமல், அதாவது வேலை நாளாகப் பதியாமல் போனால் 21,000 ரூபா இல்லை. அந்த நாட்களுக்கான சேமலாப நிதியும் இல்லை. ஊக்குவிப்புத் தொகை வருகைக்குத்தான் என்பதால், நோய்க்காகப் போன நாளில் அதுவும் சேர்ந்தே போகிறது.

பெரும்பாலும் தனியாகவும் போக முடியாது. தலை சுற்றுபவருக்குத் துணை வேண்டும். சிங்களம் தெரியாதவர் மருந்து எப்படிக் குடிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் வேண்டும். தமிழ் அரச கரும மொழியாகி நாற்பது வருடம் நெருங்குகிறது. இன்னும் ஒரு கவுண்டரில் தமிழ் பேச ஆள் இல்லாத குறைக்கு, நோயாளியின் மகனோ மகளோ ஒரு நாள் சம்பளத்தை விலையாகக் கொடுக்கிறார். இரண்டு பேருக்குக் கணக்குப் போட்டால் வருடத்துக்கு 42,000. ஓட்டோக் கூலி, பஸ், மத்தியானச் சாப்பாடு, வெளியே செய்யச் சொல்லும் இரத்தப் பரிசோதனை எல்லாம் இதில் சேரவில்லை.

விடியற்காலையில் நம்பர் எடுக்க வேண்டியிருப்பதால் முதல் பஸ்ஸை நம்பவும் முடியாது. தியத்தலாவ ஆதார வைத்தியசாலைக்கோ பதுளைக்கோ அனுப்பினால் பண்டாரவளையில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் பாதையே கேள்விக்குறி. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பரில் 'டித்வா' புயல் பதுளை மாவட்டத்தையே துண்டாக்கிப் போட்டது. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள தூரம் எல்லா நாளும் ஒரே தூரமாக இருப்பதில்லை.

தோட்டத் தொழிலாளிக்குக் காப்புறுதி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. பலருக்கு அது காப்புறுதி என்றே தெரியாது.

ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், அதாவது ஈ.டி.எஃப்., 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. உங்கள் சம்பளத்தில் மூன்று சதவீதத்துக்குச் சமமான தொகையைத் தோட்ட நிர்வாகம் தன் கையிலிருந்து இதற்குக் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக் கூடாது. வேலையை விடும்போது கிடைக்கும் ஒரு சிறு தொகை என்றுதான் பலர் இதை நினைத்திருக்கிறார்கள். வேலையில் இருக்கும் காலத்திலேயே இதில் வைத்தியச் சலுகைகள் உண்டு. இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, கண்ணில் வில்லை பொருத்துதல் ஆகியவற்றின் செலவை ஒரு வரம்பு வரை நிதியம் திருப்பிக் கொடுக்கும். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கான உதவித் திட்டமும் இருக்கிறது. உறுப்பினர் இறந்தாலோ நிரந்தரமாக வேலை செய்ய முடியாமல் போனாலோ நட்டஈடும் உண்டு. கண்புரைக்கு வில்லை வாங்கக் காசில்லாமல் ஒரு வருடம் பார்வை மங்கிக் கிடந்தவர், தனக்கு இப்படி ஒரு உரிமை இருந்ததைப் பிறகு கேள்விப்பட்டால் அவருக்கு எப்படி இருக்கும்?

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, கைக்காசு வேலை. நாளாந்தம் கொழுந்துக் கிலோவுக்குக் காசு கொடுத்து அனுப்புகிறார்கள். நிதியத்துக்கு ஒன்றும் போவதில்லை. தற்காலிக வேலையாள், நாட்கூலி என்ற காரணத்தைச் சொல்லிச் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் கட்டாமல் இருக்கச் சட்டத்தில் இடமில்லை. மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். இரண்டாவது ஓட்டை வயது. நோய் அதிகம் வருவது பென்சன் வயதுக்குப் பிறகு. ஈ.டி.எஃப். வைத்தியச் சலுகையோ வேலையில் இருப்பவருக்கு மட்டும். முப்பது, நாற்பது வருடம் மலை ஏறியவர் முழங்கால் தேய்ந்து வீட்டில் உட்காரும் அன்றே அவருடைய காப்பு முடிந்துவிடுகிறது.

பிள்ளைகளுக்கு என்ன?

பாடசாலை மாணவர்களுக்கு 'சுரக்ஷா' காப்புறுதி 2017இல் தொடங்கியது. இடையில் நின்று 2024இல் மீண்டும் வந்தது. வார்டில் தங்கினாலும், சில வெளிநோயாளர் செலவுகளுக்கும், விபத்துக்கும் உதவி கேட்கலாம். விண்ணப்பம் பாடசாலை வழியாகப் போகும். பிள்ளையை வார்டில் சேர்த்தால் வெளியேறும்போது தரும் நோய்நிர்ணய அட்டையையும் பற்றுச்சீட்டுகளையும் பத்திரமாக வைத்து, அதே கிழமையில் அதிபரிடம் பேசுங்கள். அதிபர்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: பெற்றோர் கூட்டத்தில் இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். சுற்றறிக்கை அலுமாரியில் இருப்பதால் எந்தப் பிள்ளைக்கும் பயனில்லை.

கொழும்பில் வேலை செய்யும் மகனுக்குக் கொம்பனி காப்புறுதி இருக்கிறது. அது வீட்டுக்காரருக்கும் செல்லுமா?

கொம்பனிக்குக் கொம்பனி வேறுபடும். பல திட்டங்களில் மனைவி, பிள்ளைகள் சேர்வார்கள்; தாய் தகப்பன் சேர்வதில்லை. சேர்ந்தாலும், காப்புறுதி தொடங்கும் முன்பே இருந்த நோய்க்குக் கொடுக்க மாட்டோம் என்ற நிபந்தனை இருக்கலாம். மகன் தன் மனிதவளப் பிரிவில் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்கட்டும்: யார் யாருக்குச் செல்லும், வார்டில் தங்காமல் பார்க்கும் மருந்துக்குச் செல்லுமா, முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு வாங்குவதா அல்லது ஆஸ்பத்திரிக்கே நேராகக் கட்டுவார்களா. இந்த மூன்றில் கடைசிதான் ஏழைக் குடும்பத்துக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்.

ஏன் அது முக்கியம்? எப்படியும் காசு திரும்பி வரத்தானே போகிறது?

காப்புறுதி இருந்தும் சிகிச்சைக்குப் போகாததன் மூலகாரணமே இங்குதான் இருக்கிறது. நம்மிடம் இருக்கும் திட்டங்களில் பெரும்பாலானவை, முதலில் நீ செலவழி, பற்றுச்சீட்டுக் கொண்டு வா, பார்த்துத் தருகிறேன் என்ற முறையில் நடப்பவை. பத்தாம் திகதி சம்பளம், இருபத்தைந்தாம் திகதி அட்வான்ஸ், இடையில் கடைக் கணக்கு என்று வாழும் வீட்டில், திரும்பி வரும் காசுக்காக முன்கூட்டிச் செலவழிக்க எதுவும் இருக்காது. தோடு அடகுக்குப் போகும், அல்லது வட்டிக்கு வாங்க வேண்டும். மூன்று மாதம் கழித்து வரும் காசு வட்டிக்கே சரியாகிவிடும். இதை முன்கூட்டியே கணக்குப் பார்க்கத் தெரிந்ததால்தான் அந்தக் குடும்பம் போகாமல் இருக்கிறது.

அடுத்தது, இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பணம் கொடுக்கின்றன. வார்டில் தங்கினால்தான் காப்பு. ஆனால் தோட்டத்துச் சனத்தைக் கொல்லும் நோய்கள் கட்டிலில் தொடங்குவதில்லை. பிரஷரும் சீனியும் பத்து வருடம் சத்தமில்லாமல் நடந்து, பாரிசவாதமாகவோ மாரடைப்பாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ வெளிப்படும். அந்தப் பத்து வருடத்தில் தேவைப்பட்டது மாத்திரை, மாதாந்தப் பரிசோதனை, ஒரு பஸ் டிக்கட், ஒரு நாள் பேர். இந்த நான்கில் எதற்கும் காப்புறுதி இல்லை. கால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகுதான் விண்ணப்பப் படிவம் வருகிறது.

நோயாளி கொஞ்சமாவது சொந்தக் காசு போட்டால்தான் தேவையில்லாமல் டொக்டரிடம் ஓட மாட்டான் என்கிறார்களே?

இந்த வாதம் அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டது. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசக் காப்புறுதியும் மற்றவர்களுக்குச் செலவில் ஒரு பங்கைத் தாமே கட்ட வேண்டிய காப்புறுதியும் கொடுத்தது. பங்கு கட்டியவர்கள் டொக்டரிடம் போவது குறைந்தது உண்மை. ஆனால் தேவையில்லாத சிகிச்சை மட்டும் குறையவில்லை. தேவையான சிகிச்சையும் அதே அளவுக்குக் குறைந்தது. வருமானம் குறைந்த பிரஷர் நோயாளிகளில், இலவசமாகப் பார்த்தவர்களுக்கே பிரஷர் நன்றாகக் கட்டுப்பட்டிருந்தது. எது அவசியம், எது அவசியமில்லை என்று பிரித்துப் பார்க்க நோயாளி டொக்டர் அல்ல. காசு தடையாக நிற்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் வெட்டுகிறார்.

பூனாகலையில் யாரும் பொழுதுபோக்குக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதில்லை. இங்கே பிரச்சினை, போக வேண்டியவர் போகாதது.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருப்பதுபோல் இங்கேயும் வந்தால் தீர்ந்துவிடுமா?

தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறியது. இருதய அறுவைச் சிகிச்சை போன்ற பெரிய செலவுகளில் ஏழைக் குடும்பங்களை அது காப்பாற்றியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நேராகவே பணம் போவதால் அட்டையைக் காட்டினால் போதும். அந்த ஏற்பாட்டை நாமும் பழக வேண்டும். ஆனால் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அந்த அட்டை உதவாது. 2018இல் இந்திய மத்திய அரசு கொண்டுவந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடும் வார்டில் தங்குவோருக்கானதே. அங்கே மருந்துக்கடையில் கொடுக்கும் காசுதான் குடும்பங்களை அரிக்கிறது. நாம் காப்புறுதி கேட்பதென்றால் இந்தக் குறையோடு சேர்த்து வாங்கக் கூடாது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் "இந்த மருந்து இல்லை, வெளியே வாங்குங்கள்" என்று துண்டு எழுதிக் கொடுக்கிறார்கள். என்ன செய்வது?

2022 நெருக்கடியிலிருந்து இது அதிகமாகிவிட்டது. நமது மருந்துகளில் பெரும்பங்கு இறக்குமதி. ரூபா விழுந்தபோது மருந்துக்கான உச்சவிலை அந்த வருடம் மார்ச்சில் 29 சதவீதமும், ஏப்ரல் கடைசியில் மறுபடி 40 சதவீதமும் கூட்டப்பட்டது. இன்று நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் மக்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து கொடுப்பது. இலவச சுகாதாரம் உள்ள நாட்டில் நடக்கிறது இது.

துண்டில் மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். கொம்பனிப் பெயரை மட்டும் எழுதினால் கடைக்காரர் விலை கூடியதைத்தான் எடுப்பார். ஒரே மருந்து பல விலையில் இருக்கிறது. பேராசிரியர் சேனக பிபிலே முன்னின்று 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தை உருவாக்கியதே இதற்காகத்தான். அதன் 'ஒசுசல' கடையில் முதலில் விசாரியுங்கள். முழு மாதத்துக்கும் வாங்கக் காசில்லையென்றால் வாங்காமலே திரும்பாதீர்கள். பத்து நாளைக்கு வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்கு என்ன வழி என்று அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதே வேலையைச் செய்யும், ஆஸ்பத்திரியில் இருக்கும் வேறு மருந்துக்கு மாற்றித் தர முடியுமா என்று அவர் பார்ப்பார். காசில்லை என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லாவிட்டால் அவர் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார். அது ஆபத்து.

மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் இரண்டு மாதத்துக்கு வருமே?

வேண்டாம். பிரஷர் மாத்திரையும் சீனி மாத்திரையும் உடம்பில் ஒரு நாள் அளவுக்கே வேலை செய்யும்படி கொடுக்கப்படுபவை. தலைவலி இல்லை என்பதால் பிரஷர் இல்லை என்று ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையைக் கடன் வாங்குவதும் இதே அளவு ஆபத்தானது.

தோட்டத்து டிஸ்பென்சரியே போதாதா?

தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவை தோட்டச் சொந்தக்காரரின் பொறுப்பு என்று வெள்ளைக்காரன் காலத்தில், 1912இல், சட்டம் வந்தது. அன்றிலிருந்து தோட்டத்து வைத்தியம் நாட்டின் வைத்தியத்திலிருந்து பிரிந்து தனியாகவே வளர்ந்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கொம்பனிகளிடம் போனது. தோட்ட வைத்தியசாலைகளைச் சுகாதார அமைச்சு பொறுப்பேற்கும் வேலை தொடங்கியும் அரைகுறையாகவே நிற்கிறது. இன்றும் பல தோட்டங்களில் இருப்பது ஒரு வைத்திய உதவியாளர். காய்ச்சலுக்கும் காயத்துக்கும் கைகொடுப்பவர் அவர். பிரஷர், சீனி மருந்தை ஆரம்பிக்கவோ மாற்றவோ அவருக்கு அதிகாரமும் இல்லை, பயிற்சியும் இல்லை.

ஆனால் டொக்டர் எழுதிய மருந்தைக் கையில் கொடுக்க அவரால் முடியும். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகளைத் தபால்காரர் மூலம் வீடுகளுக்கு அனுப்பியது இதே சுகாதார அமைச்சுதான். அன்று செய்ய முடிந்தது இன்று ஏன் முடியாது? நோய் கட்டுப்பாட்டில் இருப்பவரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி, இடையில் உள்ள மாதங்களில் மருந்துப் பொதியைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அனுப்பினால், வருடத்தில் பன்னிரண்டு நாள் நான்காகக் குறையும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை.

பெரிய சத்திரசிகிச்சைக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். எங்கே போய்க் கேட்பது?

ஜனாதிபதி நிதியத்தில் இருதய நோய், புற்றுநோய், சிறுநீரக மாற்று போன்றவற்றுக்கு உதவி உண்டு. முன்பு கொழும்புக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சத்திரசிகிச்சைத் திகதி கிடைத்த உடனேயே போங்கள். முடிந்த பிறகு போகலாம் என்று விடாதீர்கள்.

சேமலாப நிதியில் பத்து வருடம் பங்களித்து, கணக்கில் மூன்று இலட்சத்துக்கு மேல் இருப்பவர் வைத்தியச் செலவுக்கு 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கவும் 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. உயிர் போகும் நேரத்தில் எடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் அது உங்கள் முதுமைக்கான சொந்தக் காசு. அதைக் காட்டி, தொழிலாளிக்கு வைத்திய வசதி செய்துவிட்டோம் என்று யாரும் சொல்ல விடக் கூடாது.

நள்ளிரவில் நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், பிரசவ வலி என்றால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை. ஓட்டோக் கூலிக்கு யாரிடம் கேட்பது என்று விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போதைக்கு நாம் கேட்க வேண்டியது என்ன?

கிளினிக் நாளுக்குப் பேர். கிளினிக் கொப்பியில் ஆஸ்பத்திரி முத்திரை விழுந்திருந்தால் அந்த நாள் வேலை செய்த நாளாகக் கணக்கிடப்பட வேண்டும். வருகை ஊக்குவிப்புத் தொகையும் வெட்டப்படக் கூடாது. அலுவலகத்தில் வேலை செய்பவருக்குச் சுகயீன லீவு இருப்பது நியாயமென்றால், மலையில் கூடை சுமப்பவருக்கு இது நியாயமில்லாமல் போகாது. 35 வயதில் பெண்களுக்கு இலவசமாகச் செய்யும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு மிட்வைஃப் வீடு தேடி வந்து அழைத்தும் போகாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் தடுப்பது இந்த ஒரு நாள் பேர்தான்.

கூட்டு ஒப்பந்தம் 2021இல் கைவிடப்பட்ட பிறகு சம்பளப் பேச்சு சம்பள நிர்ணய சபைக்குப் போய்விட்டது. அங்கே தொழிலாளர் பக்கத்தில் உட்காரும் தொழிற்சங்கத் தலைவர்கள் ஒவ்வொரு தடவையும் ரூபாக் கணக்கை மட்டுமே மேசையில் வைக்கிறார்கள். அடுத்த தடவை கிளினிக் நாள் சம்பளத்தையும், டிஸ்பென்சரிக்கு மருந்து அனுப்பும் ஏற்பாட்டையும் கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள். சந்தா கட்டும் ஒவ்வொருவரும் தன் தோட்டத் தலைவரிடம் இதை நேரில் கேளுங்கள். அதுவரைக்கும், வீட்டில் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள் அடுத்த திகதியைத் தவறவிடாதீர்கள்.